பழைய குடியேறிகளின்ர சேமக்காலையைத் துப்புரவாக்க வெளிக்கிடுறியளோ? கல்லைத் தொட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கனடாவில, ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் பக்கம் கார் ஓடுற ஆக்கள் கட்டாயம் கண்டிருப்பியள். ஒரு பக்கம் பிளாசா, மற்றப் பக்கம் புதுசாக் கட்டின டவுன்ஹவுஸ், நடுவில கறள் பிடிச்ச வேலி போட்ட ஒரு துண்டுக் காணி, அதுக்குள்ள பத்து முப்பது வெள்ளைக் கல்லு பல்லு விழுந்த கிழவற்ற வாய் மாதிரி அங்கொண்டு இஞ்சொண்டாச் சரிஞ்சு நிக்கும். அதுதான் பயனியர் செமட்டரி. 1794 இல வில்லியம் பெர்ட்சி கூட்டிக்கொண்டு வந்த ஜேர்மன்காரர் மார்க்கத்தில காடு வெட்டினவை, 1796 இல தொம்சன் குடும்பம் ஸ்காபரோவுக்கு வந்தது, அதுக்குப் பிறகு ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, பென்சில்வேனியா எண்டு வந்த சனம். தேவாலயம் கட்ட முதலே சாவு வந்திட்டுது, அதால கன பேர் தங்கட தோட்டத்து மூலையிலயே தாட்டவை. பிறகு தோட்டம் கைமாறி, சந்ததி ரொறன்ரோவுக்கும் மேற்கு மாகாணங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போய், இப்ப அந்த மூலைக்கு ஆளில்லை.

நான் ஆறு வருசமா கோடை காலத்தில ஒரு சின்னக் கூட்டத்தோட இந்த வேலை செய்யிறன். அடிக்கடி "நாங்களும் எங்கட பக்கத்தில தொடங்கப் போறம், என்ன மாதிரி?" எண்டு கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லிக் களைச்சுப் போனன், அதால ஒரே அடியா எழுதுறன். நீளம்தான், தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு இருங்கோ.

முதல் என்ர வெக்கக்கேட்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். முதல் நாள் இருபத்தேழு பேர் வந்தவை, எல்லாருக்கும் சரியான உற்சாகம், நகரசபைக்கு ஒரு ஈமெயில் கூட நான் போடேல்லை. ஒருத்தர் பிளீச் கொண்டந்தார், நான் கம்பி பிறஷ் கொண்டு போனன். பச்சைப் பாசி பிடிச்ச ஒரு மார்பிள் கல்லைப் பிடிச்சு உரஞ்சினன் பாருங்கோ, கல்லு வெளிச்சு வந்தது, எனக்கும் புழுகம். பிறகு பாத்தா காலடியில சீனி கொட்டின மாதிரிக் குறுணி, 150 வருசம் மழையும் பனியும் திண்டு மிச்சம் வைச்ச கடைசி எழுத்துக்களை நான் அரைமணித்தியாலத்தில சுரண்டி எடுத்திட்டன். ஒரு பேரின்ர பாதி இப்பவும் இல்லை. அந்தக் கல்லுக்கு நான் வராம இருந்திருந்தா இன்னும் இருபது வருசம் எழுத்து இருந்திருக்கும்.

அதால இந்த வழிகாட்டி முழுக்கக் கல்லைத் தொடுறதைக் கடைசிக்குத் தள்ளித்தான் எழுதியிருக்கு. பொறுமையில்லாத ஆக்களுக்கு இப்பவே சொல்லுறன், முதல் வருசம் நீங்கள் செய்யப்போறது அநேகமா கடுதாசி வேலையும் புல்லு வெட்டிறதும்தான்.

படி 1: காணி ஆரின்ர?

ஒன்ராரியோவில சேமக்காலையள் எல்லாம் 2002 ஆம் ஆண்டின்ர ஒரு சட்டத்துக்குள்ள வருது, ஈமச்சடங்கு, அடக்கம், தகனம் பற்றின சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 2012 யூலையில. இதைக் கவனிக்கிறது பிரிவீவ்மென்ற் ஒதோரிட்டி ஒஃப் ஒன்ராரியோ எண்ட அமைப்பு. அவையிட்ட பதிஞ்ச சேமக்காலையளின்ர பட்டியல் இருக்கு, பேரையோ இடத்தையோ குடுத்துத் தேடலாம், உரிமையாளர் ஆர் எண்டு தெரியவரும். மூண்டு விதமா மறுமொழி வரும்.

நகரசபையின்ர எண்டா நல்ல காலம். பார்க்ஸ் டிப்பார்ட்மென்டுக்கு எழுதுங்கோ, அதோட உங்கட வட்டாரக் கவுன்சிலற்ற ஒபிசுக்கும் ஒரு கொப்பி போடுங்கோ, அதுக்குப் பிறகுதான் மறுமொழி வாற வேகம் வேற மாதிரி இருக்கும். தேவாலயத்தின்ர எண்டா அவையின்ர செமட்டரி போர்டைச் சந்திக்க வேணும், அநேகமா எண்பது வயசு தாண்டின நாலைஞ்சு பேர் இருப்பினம், உங்களைக் கண்டு சந்தோசப்படுவினம், ஆனா ஒரு கூட்டம் வைச்சு முடிவெடுக்கவே மூண்டு மாசம் போகும். மூண்டாவது, ஆருமே இல்லை, பட்டியலிலயும் இல்லை எண்டா காணிப் பதிவில தேட வேணும், ஒன்லாண்ட் எண்ட இணையத் தளத்தில பழைய புத்தகங்கள் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கு. உரிமையாளர் இல்லாத சேமக்காலையை "கைவிடப்பட்டது" எண்டு உயர் நீதிமன்றம் அறிவிச்சா அது உள்ளூர் நகரசபையின்ர பொறுப்பாகும். அதை நீங்கள் தனிய நிண்டு செய்யப் போகாதேங்கோ, நகரசபையை இழுத்துக்கொண்டு போங்கோ.

அனுமதி எண்டா வாய்ச்சொல்லு காணாது. எழுத்தில வேணும், அதில மூண்டு விசயம் தெளிவா இருக்க வேணும்: என்னென்ன செய்யலாம் (புல்லு, குப்பை, படம் எடுக்கிறது), என்னென்ன கேட்டுத்தான் செய்யலாம் (கழுவிறது, நிமித்திறது, மரம் வெட்டிறது), வோலன்டியர் ஆருக்கும் காயம் பட்டா ஆற்ற இன்சூரன்ஸ். இந்தக் கடைசியைக் கேக்கக் கன பேர் வெக்கப்படுகினம். கேளுங்கோ. நகரசபை வோலன்டியரா உங்களைப் பதிஞ்சா அவையின்ர இன்சூரன்சுக்குள்ள வரலாம், இல்லாட்டி தனிய எடுக்க வேணும், அதுக்குக் காசு சேர்க்க வேணும்.

பக்கத்தில ஆற்றையும் தனியார் காணியால நடந்து போறதெண்டா அவரிட்டையும் கதையுங்கோ. நாய் நிக்கிற வீட்டுக்காரரிட்ட ஒரு தட்டு வடையோட போனது நல்லா வேலை செய்தது.

படி 2: ஆக்கள்

எங்கட பக்கத்தில ஆக்களுக்குப் பஞ்சம் இல்லை, காரணம் நாப்பது மணித்தியாலம். ஒன்ராரியோவில ஹைஸ்கூல் முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் 40 மணித்தியாலம் சமூகசேவை காட்ட வேணும், கிரேட் 12 இல மே மாசம்தான் அது ஞாபகம் வரும். வட்ஸப்பில ஒரு செய்தி போட்டா தாய்மார் உடன போன் எடுப்பினம். ஆனா ஒரு விசயம், பவர் ரூல் பாவிக்கிற வேலை அந்த 40 மணித்தியாலத்துக்குக் கணக்கில வராது, அது மாகாணம் போட்ட விதி, அதால ட்ரிமர், செயின்சோ ஒண்டும் பிள்ளையளின்ர கையில குடுக்காதேங்கோ. 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேணும், ஃபோர்மில மேற்பார்வையாளர் எண்டு கையெழுத்து வைக்கிற ஆள் ஆர் எண்டு முதலே முடிவெடுங்கோ, பிறகு ஓகஸ்டில "அங்கிள், சைன் பண்ணேல்லை" எண்டு வீட்டு வாசலில வந்து நிப்பினம்.

இன்னொரு விசயமும் கதைக்க வேணும், ஏனெண்டா இது எங்கட ஆக்களுக்கு மட்டும் வாற கேள்வி. சேமக்காலைக்குப் பிள்ளையை விடுறதோ, துடக்கில்லையோ, வந்து தோய்ஞ்சிட்டுத்தானே உள்ளுக்கு வரவேணும். ஒரு அன்ரி என்னட்ட நேராக் கேட்டா. நான் சொன்னன், ஓம் அன்ரி, கட்டாயம் தோய வேணும், உடுப்பையும் வாசலிலயே கழட்டி வொஷருக்குள்ள போட வேணும். அவாக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி, ஏனெண்டா ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் லைம் நோய் கொண்டு வாற கருங்கால் உண்ணி இருக்கு, புல்லுக்குள்ள நிண்டு வந்தா குளிச்சு, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால எல்லாம் பாக்கத்தான் வேணும். கடிச்சுக்கொண்டு இருந்தா சின்ன இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கிறது, முறுக்கிறேல்லை, நெருப்பு வைக்கிறேல்லை, பிறகு டொக்டருக்குச் சொல்லுங்கோ. நீளக் காற்சட்டை, அதைச் சொக்ஸுக்குள்ள விட்டு, வெளிர் நிற உடுப்பு. பார்க்க விசர் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

எத்தினை பேர் ஒரு நாளைக்கு? பத்து, பன்னிரண்டு. கூடக் கூப்பிடாதேங்கோ. நாலு பிள்ளையளுக்கு ஒரு விசயம் தெரிஞ்ச பெரிய ஆள் நிண்டாத்தான் கல்லுத் தப்பும். இருபத்தேழு பேர் வந்தா என்ன நடக்கும் எண்டு மேல சொல்லிட்டன்.

பிள்ளையள் ஆர், எப்பிடி எண்டு கொஞ்ச நேரத்தில விளங்கும். பொறுமையான பிள்ளைக்கு வாசிக்கிற வேலை, துருதுரு எண்டு நிக்கிறதுக்குத் தண்ணி தூக்கிற வேலை, போனை விடாததுக்குப் படம் எடுக்கிற வேலை.

படி 3: ஒண்டையும் அசைக்காமப் பதிவு செய்யிறது

இதுதான் முக்கியமான படி, இதுக்குத்தான் கூட நேரம் குடுக்க வேணும். நீங்கள் வேற ஒண்டுமே செய்யாட்டியும் இதை மட்டும் வடிவாச் செய்தா அந்தச் சேமக்காலைக்குக் காணும்.

ஒரு நீள அளவு நாடாவை வேலியோட அல்லது ரோட்டுப் பக்கத்தோட நேரா விரியுங்கோ, அதிலயிருந்து ஒவ்வொரு கல்லும் எவ்வளவு தூரம் எண்டு அளந்து கிராஃப் பேப்பரில புள்ளி வையுங்கோ. வரிசைக்கு எழுத்து, கல்லுக்கு இலக்கம்: அ-1, அ-2 எண்டு. அந்த இலக்கத்தைக் கல்லில எழுதாதேங்கோ, சோக்காலயும் வேண்டாம், ஒரு சின்ன அட்டையில எழுதி முன்னால வைச்சுப் படம் எடுங்கோ. முன், பின், ரெண்டு பக்கம், அடி. அடி ஏனெண்டா சில வேளை கல்லு வெட்டினவற்ற பேர் மண்ணோட ஒட்டிக் கீழ இருக்கும்.

எழுத்து வாசிக்க ஏலாட்டி என்ன செய்யிறது? இணையத்தில ஷேவிங் கிறீம் பூசச் சொல்லுவினம், மாப் பூசச் சொல்லுவினம், சோக்கால தேய்க்கச் சொல்லுவினம். மூண்டும் பிழை. ஷேவிங் கிறீமில இருக்கிற இரசாயனம் கல்லின்ர துளையுக்குள்ள நிண்டிடும், மாவை நம்பிப் பூஞ்சணம் வளரும். கண்ணாடி காணும். டொலர் கடையில கதவுக்குப் பின்னால தொங்க விடுற நீளக் கண்ணாடி விக்கிறாங்கள், அது. வெய்யில் நாளில ஒரு ஆள் கல்லுக்குப் பக்கவாட்டில கண்ணாடியைப் பிடிச்சு வெளிச்சத்தைக் கல்லின்ர முகத்தில சரிவா, உரசிக்கொண்டு போற மாதிரி விட வேணும். ஒருக்கா ஒரு கிரேட் 10 பெடியன் சலிச்சுக்கொண்டு கண்ணாடியைப் பிடிச்சு நிண்டவன், வெளிச்சம் ஒரு கோணத்தில விழ, வெறுங்கல்லு எண்டு நினைச்சதில ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருக்கிறது தெரிஞ்சது. ஆட்டுக்குட்டி எண்டா குழந்தைப் பிள்ளை. கீழ வயசு, 3 வருசம் 2 மாசம் 11 நாள். அந்தக் காலத்தில நாள்க் கணக்கு வரைக்கும் வெட்டி வைச்சிருக்கினம். பெடியன் கண்ணாடியை இறக்கேல்லை, கை நோகுதே எண்டு கேக்க "இல்லை, நீங்கள் எழுதுங்கோ" எண்டான்.

வாசிக்கிறது ரெண்டு பேர், ஒராள் வாசிக்க மற்றாள் எழுத, பிறகு இடம் மாறி வேற ஒருத்தர் சரி பாக்க வேணும். இருக்கிறதை இருக்கிற மாதிரியே எழுதுங்கோ, எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாதேங்கோ, தெரியாத எழுத்துக்குக் கோடு. 1 ஐயும் 7 ஐயும், 3 ஐயும் 8 ஐயும் ஊகிக்காதேங்கோ, உந்த ஊகம்தான் பிறகு ஒரு குடும்ப வரலாற்றையே மாத்தும். கிளை தொங்கிற மரம் செதுக்கியிருந்தா அது வில்லோ, துக்கத்துக்கு அடையாளம், ரெண்டு கை பிடிச்சிருந்தா பிரியாவிடை, விரல் மேல காட்டினா சொர்க்கம். நீலச் சாம்பல் நிறத்தில, வெட்டின எழுத்து நேற்று வெட்டின மாதிரித் தெளிவா ஒரு தூண் நிண்டா விரலால மெல்லத் தட்டிப் பாருங்கோ, வெறும் தகரம் மாதிரிச் சத்தம் கேக்கும். அது கல்லில்லை, நாகம் (சிங்க்) எண்ட உலோகத்தில வார்த்தது, "வைட் புரொன்ஸ்" எண்டு சொல்லி வித்தவை, இஞ்ச செயின்ற் தொமஸ் நகரத்திலயும் செய்தவை. உள்ளுக்குக் கோது, அதில சாயாதேங்கோ.

ஒன்ராரியோ ஜெனியலொஜிக்கல் சொசைட்டி எண்டு 1961 இல தொடங்கின அமைப்பொண்டு இருக்கு, அவையின்ர ஆக்கள் பல பத்து வருசத்துக்கு முதலே கன சேமக்காலையளில நிண்டு கல்லு கல்லா எழுதி வைச்சிருக்கினம். உங்கட இடத்தின்ர பழைய பிரதி இருக்கோ எண்டு கேட்டு வாங்குங்கோ. பழைய பட்டியலில இருக்கு, இப்ப நிலத்தில இல்லை எண்டா, அந்தக் கல்லு அநேகமாப் புல்லுக்குக் கீழ பத்துப் பதினைஞ்சு சென்ரிமீற்றரில படுத்திருக்குது.

கல்லில்லாத இடம் வெறும் இடம் எண்டு நினைக்கிற பிழையையும் செய்யாதேங்கோ. முதல் வந்த சனம் மரச்சிலுவை நட்டவை, தோட்டத்துப் பாறாங்கல்லை வைச்சவை, அது உக்கியும் போச்சு, உருட்டியும் போட்டாச்சு. கிரே கவுண்டியில பிரைஸ்வில் எண்ட ஊர், ஓல்ட் டர்ஹம் ரோட்டில கறுப்பினக் குடியேறிகளின்ர சேமக்காலை இருந்தது. 1930களில அதை உழுது உருளைக்கிழங்கு போட்டாச்சு. கல்லுகள் காணாமல்ப் போச்சு, அங்க கறுப்பின மக்கள் காடு வெட்டிக் குடியிருந்தவை எண்டதே ஊருக்கு மறந்து போற நிலை வந்தது. சந்ததியாக்களும் ஊர்ச்சனமும் சேர்ந்து திரும்ப மீட்டு, 1990 இல நினைவிடமாத் திறந்தவை, அப்ப கிடைச்ச கல்லுகள் ஒரு கையில எண்ணக்கூடிய அளவுதான். அதால வேலிக்கு வெளியில, கல்லில்லாத பள்ளத்தில, புல்லு வேற நிறத்தில நிக்கிற நீள்சதுரத்தில எல்லாம் வாகனம் விடாதேங்கோ, சாமான் அடுக்காதேங்கோ. அதையும் வரைபடத்தில குறியுங்கோ.

படி 4: பத்தையும் புல்லும்

முதல் விஷச்செடி. மூண்டிலை உள்ள பொய்சன் ஐவி, மஞ்சள் பூப் பூக்கிற வைல்ட் பார்ஸ்னிப், ரெண்டையும் படம் காட்டிப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துங்கோ. பார்ஸ்னிப்பின்ர பால் தோலில பட்டு வெய்யிலும் பட்டா நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்பளிக்கும். அது நிக்கிற இடத்துக்குக் கொடி கட்டிவிட்டு நகரசபைக்குச் சொல்லுங்கோ.

அடுத்தது, எல்லாத்தையும் பிடுங்காதேங்கோ. லைலக் பத்தை, பியனி, நிலத்தில படர்ந்து நீலப்பூப் பூக்கிற பெரிவிங்கிள், இதெல்லாம் தானா முளைச்சதில்லை, ஒரு தாயோ மனுசியோ கொண்டந்து நட்டது. பெரிவிங்கிள் படர்ந்திருக்கிற இடம் கல்லில்லாத கல்லறையின்ர அடையாளமாயும் இருக்கலாம். படம் எடுத்து, கல்லை மறைக்கிறதை மட்டும் கத்தரியுங்கோ.

கல்லோட ஒட்டி வளர்ந்த மரக்கன்று இருந்தா இழுக்காதேங்கோ, வேர் கல்லையும் கிளப்பிக்கொண்டு வரும். நிலத்தோட வெட்டி விடுங்கோ. பெரிய மரம், சாயிற மரம் எல்லாம் நகரசபை அனுப்பிற ஆக்களின்ர வேலை.

புல்லு வெட்டிற ட்ரிமர் நூல் இருக்கே, அதுதான் பழைய மார்பிளின்ர எமன். அடியைச் சுத்திச் சுத்தி அடிச்சு இடுப்பு மாதிரிக் குடைஞ்சு வைச்சிருக்கும், நீங்களே போய்ப் பாருங்கோ, அநேகமா எல்லாச் சேமக்காலையிலயும் தெரியும். கல்லைச் சுத்தி ஒரு அடிக்கு மெஷின் போகக்கூடாது, அந்த ஒரு அடி கைக் கத்தரிக்கோல். மருந்தடிச்சா லேசெண்டு ஆரும் சொல்லுவினம். ஒன்ராரியோவில 2009 இல இருந்து அழகுக்காகக் களைகொல்லி அடிக்கிறதுக்குத் தடை இருக்கு, அதோட மருந்தில இருக்கிற உப்புக் கல்லுக்குள்ள ஊறி, காஞ்சு, உதிர்க்கும்.

முழங்கால் உயரத்துக்குச் சின்னக் கல்லு, ரெண்டு எழுத்து மட்டும் வெட்டினது காண்பியள். அது கால்மாட்டுக் கல்லு. தலை மேற்கில, கால் கிழக்கில வைச்சுத் தாட்டவை, உயிர்த்தெழேக்க சூரியன் உதிக்கிற பக்கம் பாத்து எழும்ப வேணும் எண்டு. கல்லறை எந்தப் பக்கம் படுத்திருக்கு எண்டு சொல்லுறது அந்தச் சின்னக் கல்லுத்தான். புல்லு வெட்ட இடைஞ்சல் எண்டு அதுகளைப் பொறுக்கி ஒரு மரத்தடியில குவிச்சு வைச்ச சேமக்காலையை நான் கண்டிருக்கிறன், இருபத்திரண்டு கல்லு, எழுத்தை வைச்சு ஒம்பதைத்தான் எங்களால இடம் சேர்க்க முடிஞ்சது.

படி 5: கழுவிறது

தண்ணி. மென்மையான நைலோன் அல்லது இயற்கை நார் பிறஷ். மரக்குச்சி, ஐஸ்பழக்குச்சி மாதிரி. வாளி. இவ்வளவும்தான் சாமான்.

வேண்டாதது: பிளீச், வினிகர், பாத்திரச் சவர்க்காரம், கம்பி பிறஷ், பிரஷர் வொஷர், ட்ரில்லில பூட்டிற பிறஷ், சாண்ட்பேப்பர். ஒருக்கா ஒரு அம்மா குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி பழப்புளி போட்டு மினுக்குவமே எண்டு கேட்டா, நல்ல மனசோடதான் கேட்டா. மார்பிள் எண்டது சுண்ணாம்புக் கல்லின்ர உறவு, கல்சியம் காபனேற்று, புளி, வினிகர், தேசிக்காய் எந்த அமிலம் பட்டாலும் கரையும். அமில மழையில 100 வருசம் கரைஞ்சதுதான் அந்தச் சீனிக் குறுணி.

கழுவ முதல் கல்லு தாங்குமோ எண்டு பாருங்கோ. விரல் மூட்டால மெல்லத் தட்டினா வெறும் சத்தம் கேட்டா, தோல் மாதிரிப் படை படையா உரிஞ்சா, விரலால தடவக் குறுணி வந்தா, வெடிப்பு ஓடியிருந்தா, நிப்பாட்டுங்கோ, அது கன்சர்வேட்டற்ற, பழைய கல்லுகளைப் பழுதாக்காமத் திருத்தப் பழகின ஆளின்ர, வேலை. மணற்கல்லில இது கூட.

தாங்கும் எண்டா, முழுக்க நனையுங்கோ, நல்லா நனையுங்கோ. கீழயிருந்து மேல வட்டம் வட்டமா, அமத்தாம. மேலயிருந்து தொடங்கினா ஊத்தைத் தண்ணி காஞ்ச கல்லில வழிஞ்சு கோடு விழும். ஒராள் தேய்ச்சா மற்றாள் தண்ணி விட்டுக்கொண்டே இருக்க வேணும். ஒரு கல்லுக்கு பத்துப் பதினைஞ்சு லீற்றர் போகும், பயனியர் சேமக்காலையில பைப் இருக்காது, அதால முதலே கான்களில கொண்டு போங்கோ. கற்பாசி ஊறினாப் பிறகு குச்சியால தள்ள வந்தா வரட்டும், வராட்டி விடுங்கோ. வெள்ளை வெளேர் எண்டு வரவேணும் எண்டு நினைக்காதேங்கோ, வாசிக்கக் கூடியதா வந்தாக் காணும்.

அமெரிக்காவில போர்வீரர் சேமக்காலையளில டி/2 எண்ட ஒரு பாசிநீக்கியைப் பாவிக்கினம், அது பிளீச் மாதிரிக் கல்லைத் தின்னாது. ஆனா இஞ்ச உரிமையாளற்ற அனுமதியும், தெரிஞ்ச ஒரு ஆளின்ர பயிற்சியும் இல்லாம அதைத் தொடாதேங்கோ. என்னைக் கேட்டா பத்தில ஏழு கல்லுக்கு வெறும் தண்ணியே காணும்.

இரவில பனி உறைய வாய்ப்பிருந்தா கழுவக்கூடாது. துளைக்குள்ள போன தண்ணி உறைஞ்சா பெருக்கும், பெருத்தா வெடிக்கும். எங்கட கணக்கு மே நடுவிலயிருந்து செப்டெம்பர் நடு வரைக்கும்தான்.

படி 6: சரிஞ்சதும் விழுந்ததும் உடைஞ்சதும்

ஒரு கணக்குச் சொல்லுறன். 150 சென்ரிமீற்றர் உயரம், 60 அகலம், 8 தடிப்பு, பார்க்க மெல்லிய பலகை மாதிரித்தான் இருக்கும். மார்பிள் ஒரு கன மீற்றர் கிட்டத்தட்ட 2,700 கிலோ. பெருக்கிப் பாருங்கோ, 194 கிலோ. இது பிள்ளையில விழுந்தா என்ன எண்டு சொல்லத் தேவையில்லை. அதால முதல் நாளே சரிஞ்ச கல்லுகளைச் சுத்தி நாடா கட்டுங்கோ, ஆரும் அதில சாய்ஞ்சு நிண்டு செல்ஃபி எடுக்கக்கூடாது, சின்னப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். ஆபத்தான கல்லைப் பாதுகாப்பாக்கிறது சட்டப்படி சேமக்காலை நடத்துறவையின்ர கடமை, எழுதிக் குடுத்தா அவை செய்யத்தான் வேணும்.

நிமித்திறதைப் பயிற்சி எடுத்துத்தான் செய்ய வேணும், ஒரு கன்சர்வேட்டரை ஒரு நாளைக்குக் காசு குடுத்துக் கூப்பிட்டா உங்கட கூட்டத்தில மூண்டு பேரைப் பழக்கி விடுவார், அந்தக் காசு வீண் போகாது. எங்களுக்கு அனுமதி கிடைச்சது இடுப்புக்குக் கீழ உயரமான, அடித்தளம் இல்லாம நேரா மண்ணுக்குள்ள நட்ட கல்லுகளுக்கு மட்டும். கல்லைச் சுத்தி மண்ணை எடுத்து (தோண்ட முதல் வன் கோல் எண்ட சேவைக்குப் போன் அடிச்சு நிலக்கீழ் காஸ் லைன், வயர் பாருங்கோ), பட்டி கட்டித் தூக்கி, குழியின்ர அடியில சின்ன உருண்டைச் சரளை போட்டு இடிச்சு, கல்லை வைச்சு, மட்டம் வைச்சுப் பாத்து, சுத்திச் சரளையும் மணலும் போட்டு இறுக்கிறது. சரளை ஏனெண்டா தண்ணி வடிய வேணும், வடியாட்டி மார்கழியில உறைஞ்சு திரும்பவும் தள்ளிச் சரிக்கும். அலவாங்கால நெம்பாதேங்கோ, விளிம்பு சில்லுச் சில்லாப் போகும்.

சீமெந்து வேண்டவே வேண்டாம். சீமெந்து கல்லை விட வைரம், கோடையில விரிய இடம் குடாது, ஈரத்தை உள்ளுக்கு வைச்சிருக்கும், கடைசியில உடையிறது மார்பிள்தான். போன நூற்றாண்டின்ர நடுவில ஒன்ராரியோ முழுக்க ஒரு பழக்கம் இருந்தது, விழுந்த கல்லெல்லாத்தையும் பொறுக்கி ஒரு கொங்கிறீட் சுவரில வரிசையாப் பதிச்சு வைக்கிறது. அப்ப அவைக்கு அது நல்ல எண்ணம். இப்ப போய்ப் பாத்தா கல்லு எங்க நிண்டது எண்டு தெரியாது, பின்பக்க எழுத்துத் தெரியாது, ஈரம் ஊறி முகம் உரியுது, கழட்டவும் ஏலாது. அந்தச் சுவர் உங்கட இடத்தில இருந்தா இடிக்காதேங்கோ, படம் எடுத்துப் பதிவு செய்யுங்கோ, அவ்வளவுதான்.

உடைஞ்ச துண்டுகளை ஒட்டுற ஆசை எல்லாருக்கும் வரும். ஹார்ட்வெயார் கடைப் பசை, எபொக்ஸி எல்லாம் ஒரு வருசத்தில மஞ்சளாகும், பிறகு கழட்டினா கல்லும் சேர்ந்து வரும். துண்டுகளை அதே கல்லறையிலயே சரளை மேல, தண்ணி வடியிற மாதிரிச் சரிவா வைச்சு, இலக்கம் போட்டுப் படம் எடுத்து விடுங்கோ. வீட்டுக்கோ கராஜுக்கோ கொண்டு போகாதேங்கோ, பத்திரமா வைப்பம் எண்டுதான் கொண்டு போவினம், பிறகு வீடு விப்பினம், கல்லும் போயிடும்.

புல்லுக்குக் கீழ இருக்கிற கல்லைத் தேட மெல்லிய கம்பியால குத்திப் பாக்கிறதும் அனுமதியோட, பதினைஞ்சு சென்ரிமீற்றருக்கு மேல போகாம. அதைத் தாண்டித் தோண்டுறது தொல்லியல் வேலை, ஒன்ராரியோ மரபுரிமைச் சட்டப்படி அதுக்கு லைசன்ஸ் உள்ள ஆள் வேணும்.

எலும்பு கண்டா

கிரவுண்ட்ஹொக் எண்ட பெருச்சாளி மாதிரி ஒண்டு, சேமக்காலை மண்ணெண்டா அதுக்கு நல்ல விருப்பம், பொந்து தோண்டி வெளியில தள்ளிற மண்ணில எலும்பும் வரும். எடுக்காதேங்கோ, மூடாதேங்கோ, படத்தை ஒரு இடமும் போடாதேங்கோ. வேலையை நிப்பாட்டி, பிள்ளையளை அனுப்பிப்போட்டு, பொலிசுக்கு அடியுங்கோ, பிறகு உரிமையாளருக்கு. மாட்டெலும்பா இருந்தாலும் அதை முடிவெடுக்கிற ஆள் நீங்களில்லை. எங்களுக்கு ஒருக்கா நடந்தது, கோழிக்கால். ஆரோ பிக்னிக் வந்திருக்கினம். வந்த ஒபிசர் சிரிச்சார், ஆனா கூப்பிட்டது சரி எண்டுதான் சொன்னார்.

சீசன் முடிய

ஒக்டோபரில ஒரு ஃபைல் செய்யுங்கோ: வரைபடம், எல்லாப் படமும், வாசிச்ச எழுத்து, எந்தக் கல்லை எந்தத் திகதி என்ன செய்தனீங்கள், கழுவினதுக்கு முன்னும் பின்னும். நாலு கொப்பி, நகரசபைக்கு ஒண்டு, உள்ளூர் லைப்ரரிக்கு ஒண்டு, ஜெனியலொஜிக்கல் சொசைட்டிக்கு ஒண்டு, உங்களிட்ட ஒண்டு. ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் எண்ட தளங்களில உரிமையாளரிட்டக் கேட்டுப்போட்டு ஏத்தலாம். எங்கட ஒரு கல்லின்ர படத்தைக் கண்டு சஸ்கச்சுவானில இருந்து ஒரு மனுசி எழுதினவா, தன்ர பூட்டனின்ர அக்கா எண்டு, இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை எங்க எண்டு குடும்பத்தில ஆருக்கும் தெரியாதாம்.

பனி உருகினாப் பிறகு, ஏப்ரல் கடைசியில, ரெண்டு பேர் மட்டும் போய் ஒருக்கா நடந்து பாருங்கோ. நிமித்தின கல்லு எல்லாத்திலயும் மட்டம் வைச்சுப் பாருங்கோ, குளிர் காலத்தில எது அசைஞ்சிருக்கு எண்டு குறியுங்கோ. கழுவின கல்லை அடுத்த வருசமும் கழுவப் போகாதேங்கோ, ஏழெட்டு வருசம் விடலாம். புல்லுக்கு மட்டும் மூண்டு கிழமைக்கு ஒருக்கா ஆள் வேணும், அதுக்கு ஒரு அட்டவணை போட்டு வட்ஸப்பில பின் பண்ணி வையுங்கோ, நாப்பது மணித்தியாலம் முடிஞ்ச பிள்ளையள் வரமாட்டினம் எண்டு கணக்குப் போட்டே போடுங்கோ. கண்ணாடி பிடிச்ச பெடியன் மட்டும் இப்ப யூனிவர்சிற்றி ரெண்டாம் வருசம், மே மாசம் வந்தா "அங்கிள், எப்ப?" எண்டு மெசேஜ் போடுவான், கண்ணாடியும் அவன்ர வீட்டிலதான் இருக்கு.